எனக்காக இளைத்தவர்

என் வீட்டுக்காரருக்கு வாய்க்கொழுப்பு கிடையாது. மற்ற இடங்களில் எல்லாம் உண்டு. மம்பாவ் டவுன் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டியவர். தோள் வலி வந்த பிறகு கேட்டில் ஜாகா வேலைக்கு, காவலுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். வெட்டிய காலத்தில் மலையாய்ச் சோறு தின்பார், உடம்பில் ஒட்டாது. உட்கார்ந்த பிறகும் சோறு குறையவில்லை. கூடவே முறுக்கு டின் வேறு பக்கத்தில் வந்துவிட்டது.

எப்படியோ தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் எனக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், டயாலிசிஸில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. "நான் ஒன்னு குடுக்குறேன்" என்றார் அவர். ரத்தமும் பொருந்தியது. டாக்டர்தான், "வெயிட் எறங்காம ஆப்பரேஷன் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே நடக்கக் கிளம்பினார். சும்மா நடையா அது? ரப்பர் பால்மரக் காட்டு மேட்டில் ஏறி இறங்கி, மம்பாவ் வரை போய், சட்டையைப் பிழிகிற வேர்வையோடு ரொட்டிக் கடையில் உட்காருவார். கூட நடக்கும் பழைய வெட்டாள்களும் அங்கேதான். வேர்வை சிந்தினால் வயிற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது எஸ்டேட் சட்டம். ரொட்டி சானாய், பருப்புக் கறி, கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் பசி. அடுத்த முறை நிறுத்துப் பார்த்தபோது எடை ஏறியிருந்தது. சாண் ஏறி முழம் சறுக்கிய கதைதான்.

எனக்கு வந்ததே கோபம்! "குடுக்கப் பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்லிடுங்க. தின்னே தப்பிக்க வேணாம்."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

காலையில் என் செருப்பை வாசலில் எடுத்து வைத்தார். "நீயும் வா லா. ஒன்னால முடிஞ்ச அளவு நடந்தாப் போதும்."

என்னால் முடிந்தது கோயில் வரைதான். அங்கே மூச்சு வாங்க உட்காருவேன், பிறகு திரும்புவோம். சாயங்காலமும் அதே. மேடும் இல்லை, ரொட்டிக் கடையும் இல்லை. அதிசயமாக, அந்த வெறிப் பசியும் இல்லை. ஒரு தட்டுச் சோற்றோடு எழுந்துகொண்டார். கேட்டிலும் உட்காராமல் சுற்றிவரத் தொடங்கினார். முறுக்கு நமுத்துப்போனது. சிலுவார், அதான் கால்சட்டை, இடுப்பில் நிற்காமல் அவர் இழுத்து இழுத்து விட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் நாள். பெல்ட், கடிகாரம் எல்லாம் கழற்றினார். கையில் கட்டிய சாமிக் கயிற்றையும் அவிழ்க்கப் போக, நர்ஸ் சிரித்துவிட்டாள். "இது போதும், இனி ஏற்பாடு செய்யலாம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். குலை காலில் விழுந்தபோதுகூட அழாத மனிதர்.

"என்னங்க?"

"அன்னிக்குக் கேட்டியே, பயமான்னு. பயந்தான்டி. எனக்கு எடை எறங்குறதுக்குள்ள நீ போயிருவியோன்னு பயம். அதான் அப்படி ஓடி ஓடி நடந்தேன். பசிச்சிச்சு, தின்னுட்டேன்."

எல்லார் முன்னாலும் அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.