என் மனைவி சத்தம் போடக் கற்றுக்கொண்டது

என் மனைவி கணக்கு டீச்சர். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேலாக அல்ஜீப்ரா நடத்துகிறாள். அவள் எட்டாம் வகுப்பில் பாடம் எடுத்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து பாஸாகிவிடுவார்கள் என்று உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அவ்வளவு கணீர்க் குரல். நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவன் என்பதால் வீட்டில் அவள் பேசுவதும் நான் கேட்பதுமாகவே எங்கள் காலம் ஓடியிருக்கிறது.

அந்த மார்கழியில் ஒரு காலை, ஆறு மணி இருக்கும். வழக்கம்போல் சித்திரை வீதியில் நடக்கப் போயிருந்தாள். பின்னாலிருந்து ஒரு பைக் வந்து அவள் பக்கத்தில் நின்றது. ஹெல்மெட் போட்ட ஒருவன் ஓட்ட, பின்னால் இன்னொருவன்.

“அக்கா, ராஜகோபுரத்துக்கு எப்படிப் போகணும்?” என்று பின்னால் இருந்தவன் கேட்டிருக்கிறான்.

ராஜகோபுரம் காவிரிப் பாலத்தில் வரும்போதே தெரிகிற கோபுரம். தெருவில் நின்று தலையைத் தூக்கினால் போதும். அதற்கு வழி கேட்கிறவனைப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் டீச்சரிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லித்தான் பழக்கம். “நேராப் போங்க தம்பி, முனையில திரும்பினீங்கன்னா...” என்று கையை நீட்டிக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். நீட்டிய கை கீழே இறங்குவதற்குள் அவன் அவள் கழுத்தில் கை வைத்துவிட்டான்.

குளிருக்காக அவள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தி, தோளில் பெரிய ஊக்கு ஒன்று குத்தியிருந்தாள். செயின் அதற்கு உள்ளே இருந்தது. அவன் துணியையும் செயினையும் சேர்த்துப் பிடித்து இழுத்த வேகத்தில் ஊக்கு திறந்துகொண்டு அவன் விரலிலேயே ஏறிவிட்டது. “அய்யோ அம்மா!” என்று தெருவே கேட்கும்படி ஒரு அலறல். அலறியது அவன். கையை உதறிக்கொண்டே பைக்கில் பறந்துவிட்டார்கள்.

செயின் கழுத்திலேயே இருந்தது. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு மட்டும். நான் பதறிப் போய்க் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார். முப்பது வயது இருக்கலாம். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். தெருவில் இருக்கும் கேமராக்களைப் பார்ப்பதாகச் சொன்னார். ஊக்கு விஷயத்துக்கு வந்தபோது மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

என் மனைவி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எனக்குக் குரலே வரலைங்க” என்றாள்.

“பயத்துல யாருக்குத்தான் வரும்?”

“அவன் கத்தினான். எனக்கு வரலை. வாயைத் திறந்தேன். காத்துதான் வந்துச்சு.”

அதுதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. நாற்பது பிள்ளைகளை ஒரு வார்த்தையில் உட்கார வைக்கிறவளுக்கு, வேண்டிய நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாளிலிருந்து அவளோடு நானும் நடக்கப் போனேன். பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள். பிடித்ததை உணர்ந்ததும் விட்டுவிடுவாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் அதே சப்-இன்ஸ்பெக்டர். மாணவிகள் எல்லாம் மைதானத்தில் வரிசையாக நிற்க, என் மனைவி கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பிள்ளைகளோடு பிள்ளையாகக் கையைக் காலை வீசினாளாம். சொல்லும்போதே அவள் முகத்தில் பழைய களை கொஞ்சம் வந்திருந்தது.

வீட்டுப்பாடம் எனக்கு வந்தது. தினமும் சாயங்காலம் காப்பி குடித்து முடித்ததும் நான் திருடன்.

“என் மணிக்கட்டைப் பிடிங்க. நல்லா இறுக்கி. ஃபிட்டர் கை மாதிரியா இருக்கு இது?”

இறுக்கிப் பிடிப்பேன். முப்பது வருடமாக ஸ்பேனர் பிடித்த கை.

“இப்ப பாருங்க. நாலு விரல் ஒரு பக்கம், கட்டை விரல் ஒரு பக்கம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாசல் இருக்கு. அந்த வாசல் வழியாத்தான் வெளியே வரணும்.”

சொல்லிக்கொண்டே கையைத் திருப்பி, கட்டை விரல் பக்கமாக ஒரு வெட்டு வெட்டுவாள். என் கையில் காற்றுதான் மிஞ்சும். முதல் நாள் நான் விட்டுக்கொடுத்ததாக நினைத்தாள். மூன்றாம் நாள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது, நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கை சரியாக வந்தது. சத்தம்தான் வரவில்லை. சும்மா ‘ஐயோ’ என்று கத்தினால் போதாது, கேட்கிறவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியும்படி கத்த வேண்டும் என்பது சப்-இன்ஸ்பெக்டர் சொன்ன பாடம். ஆள் என்ன சட்டை, எந்த வண்டி, யார் என்ன செய்ய வேண்டும், எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் இருக்க வேண்டும். ஃப்ளாட்டில் இதை எப்படிப் பழகுவது? ஒருநாள் முயன்றாள். “விடு” என்றாள், சமையலறையில் கரண்டியைக் கேட்பது மாதிரி. அதற்கே எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, “என்ன சார், ஏதாவது பிரச்சினையா?” என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு அணைக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்தது. மதகுகளுக்குப் பக்கத்தில் நின்றால் பேசுவதே கேட்காது. கத்திப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் யோசனை.

கைப்பிடிச் சுவரோரம் நின்று, “பைக்! கறுப்புச் சட்டை! பிடிங்க!” என்று சொல்லிப் பார்த்தாள். தண்ணீர் அதை அப்படியே விழுங்கிவிட்டது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். பக்கத்தில் மாங்காய்த் துண்டுக்கு மிளகாய்ப் பொடி தூவி விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா பண்றீங்க?”

என் மனைவி நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

“தொண்டையில கத்துனா வராதும்மா. வயித்துலேர்ந்து வரணும். இப்ப பாருங்க.” அந்த அம்மாள் இடுப்பில் கையை வைத்து, “மாங்காய்ய்ய்!” என்று ஒரு குரல் விட்டார். அக்கரையில் இருந்தவர்கள்கூடத் திரும்பியிருப்பார்கள்.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சை இழுத்தாள். “கறுப்புச் சட்டை! பிடிங்க!”

அணையோரப் பூங்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள் எல்லாம் எழுந்துவிட்டன. கையில் கிரிக்கெட் மட்டையோடு ஒருவர் ஓடி வந்தார். “எங்கம்மா? எவன்?”

“ஒண்ணுமில்லைங்க, பிராக்டிஸ்” என்றாள் என் மனைவி. அவர் மட்டையைத் தாழ்த்திக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். மார்கழிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மாங்காய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இன்னும் நாலு தடவை கத்திவிட்டு வீடு திரும்பினோம்.

மாசி மாதத்தில் அவளோடு வேலை செய்யும் டீச்சர் ஒருவரின் பெண்ணுக்கு லால்குடியில் கல்யாணம். காலை முகூர்த்தம். திருவானைக்காவலில் பஸ் ஏறினோம். முகூர்த்த நாள் என்பதால் நிற்கக்கூட இடமில்லை. அவள் எனக்கு இரண்டு ஆள் முன்னால் மாட்டிக்கொண்டாள். தோளில் கைப்பை. பக்கத்தில் பர்தா அணிந்த ஒரு பெண்ணோடு அதற்குள் பேச்சு ஆரம்பித்திருந்தாள். கொள்ளிடம் பாலம் தாண்டியதும் எனக்கு ஒரு சந்தேகம். எந்தக் கல்யாண மண்டபம்? பத்திரிகை அவள் பையில் இருந்தது. கூப்பிட்டேன், இரைச்சலில் கேட்கவில்லை. சரி, நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று நடுவில் நின்றவர்களின் இடுக்கு வழியாகக் கையை நீட்டி, அவள் பையின் ஜிப்பை மெல்லத் திறந்து, உள்ளே கையை விட்டேன்.

என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. அடுத்த நொடி அது பின்பக்கமாக முறுக்கியது.

“பைக்குள்ள கை! கட்டம் போட்ட சட்டை! பிடிங்க!”

முக்கொம்பில் கேட்டதைவிடப் பெரிய சத்தம். டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ் அப்போது டோல்கேட் ஸ்டாப்பை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அன்று போட்டிருந்தது கல்யாணத்துக்காக வாங்கிய புதுச் சட்டை, நீலக் கட்டம். அவள் கண்ணில் பட்டது அதன் கை மட்டும்தான். எனக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் சொன்னபடியே செய்தார்கள். ஒருவர் காலரைப் பிடித்தார். இன்னொருவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “ஐயையோ! விடுங்க, விடுங்க! இவர் என் வீட்டுக்காரர்!”

யாரும் விடவில்லை. “பயப்படாதீங்கக்கா” என்றார் காலரைப் பிடித்திருந்தவர். “மிரட்டுறானா? நாங்க இருக்கோம்.”

“நிஜமாத்தாங்க. என் வீட்டுக்காரர்தான்!”

“வீட்டுக்காரர்னா ஏன் சார் திருட்டுத்தனமா கையை விடுறீங்க?” என்று கேட்டார் கண்டக்டர், டிக்கெட் மெஷினை என் முகத்துக்கு நேரே நீட்டியபடி. பத்திரிகை எடுக்க என்று நான் சொன்னது எனக்கே நம்பும்படியாக இல்லை.

அந்த நேரத்தில் முன்பக்கம் தடதடவென்று ஒரு சத்தம். படிக்கட்டில் நின்றிருந்த ஒரு ஆள், இருந்த ஆட்களை எல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே குதித்து, டோல்கேட் கூட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தான். அவன் போட்டிருந்ததும் கட்டம் போட்ட சட்டைதான், பச்சைக் கட்டம். குதித்த இடத்தில், படியில், பிரவுன் கலர் பர்ஸ் ஒன்று கிடந்தது.

“யா அல்லா, என்னோடது!” என்று என் மனைவிக்குப் பக்கத்தில் நின்ற பெண் தன் பையைத் தடவினார். ஜிப் திறந்திருந்தது. பர்ஸை எடுத்துக் கொடுத்தார்கள். திறந்து, உள்ளே இருந்த பாஸ்போர்ட்டை வெளியே எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். கணவர் துபாயில் இருக்கிறாராம். முதல் முறையாக அவரிடம் போகப் போகிறார். லால்குடியில் இருக்கும் அக்காவிடம் சொல்லிக்கொள்ளக் கிளம்பியவர், ஆசையாகக் காட்டலாம் என்று பாஸ்போர்ட்டையும் எடுத்து வந்திருக்கிறார்.

“அக்கா, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நீங்க கத்தலைன்னா என் கதி என்னாகியிருக்கும்!”

“எனக்குத் தெரியாதும்மா. நான் பிடிச்சது இவரைத்தான்” என்று என் மனைவி என்னைக் காட்டினாள். பஸ் முழுக்கச் சிரித்தது. காலரைப் பிடித்திருந்தவர் கையை எடுத்து, சட்டையை நீவிவிட்டு, “மன்னிச்சுக்குங்கண்ணே” என்றார். யாரோ எழுந்து எனக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். அந்தப் பெண் லால்குடி வரை என் மனைவியின் கையை விடவே இல்லை. இறங்குவதற்குள் மணிக்கட்டு வித்தையையும் கற்றுக்கொண்டுவிட்டார். நல்லவேளை, அதற்கு என் இன்னொரு கை போதுமானதாக இருந்தது.

மண்டபத்துக்குப் போவதற்குள் என் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. பந்தியில் ஸ்பூன் கேட்டு வாங்கி இடது கையில் சாப்பிட்டேன். பரிமாறியவர் “என்ன சார் கையில?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, “ஒர்க்‌ஷாப்ல பட்டுருச்சு” என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னாள்.

சப்-இன்ஸ்பெக்டரிடம் மறுநாளே இதைச் சொன்னாள். முதலில் ஒரு திட்டு விழுந்தது. “டீச்சர், நான் பிடிக்கச் சொல்லவே இல்லையே! விடுவிச்சுக்கிட்டு ஓடுறது உங்க வேலை. பிடிக்கிறது எங்க வேலை. அவன் கையில பிளேடு இருந்திருந்தா?” அவர் சொன்னது சரிதான் என்று என் மனைவி ஒப்புக்கொண்டாள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, “சாருக்கு வாரத்துல எப்போ லீவு?” என்று கேட்டாராம்.

இப்படித்தான் நான் அரசாங்கத்தின் சம்மதத்தோடு திருடனானேன். சப்-இன்ஸ்பெக்டர் விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். முறுக்கினாலும் உடையாத ஒரு கை அவருக்குத் தேவைப்பட்டது. என் மனைவி விளக்கம் சொல்வாள், நான் பிடிப்பேன்.

போன மாதம் திருவெள்ளறைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். வரிசையில் கடைசியாக, ஒல்லியாக, இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். அவள் கையைப் பிடித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே நின்றாள்.

“கத்தும்மா” என்றாள் என் மனைவி.

“நிஜமாவே கத்தலாமா டீச்சர்? யாரும் திட்ட மாட்டாங்களா?”

“இன்னிக்கு யாரும் திட்ட மாட்டாங்க. என்னிக்கும் திட்டக் கூடாது.”

அந்தப் பெண் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் ஒன்றாக எழும்பும்படி ஒரு சத்தம் போட்டாள். தலைமையாசிரியை அறைக்கு வெளியே ஓடி வந்தார். மற்ற பெண்கள் கைதட்டினார்கள். நான் என் கையைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. அவள் எப்போதோ விடுவித்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.