கிணற்றுக்குள் இறக்கிய பத்து வாட்

பத்து வாட் எல்.ஈ.டி. ஒன்றைக் கொண்டுபோய்ப் பி.வி.சி. குழாய்க்குள் அடைக்கிறவன் மடையன். அந்த மடையன் நான்தான். கல்முனையில் முப்பது வருடம் ரேடியோ, டி.வி. திருத்திய கடைக்காரன். இப்போது வீட்டில் டோர்ச் செய்து பார்க்கிற பிள்ளைகள் இதை வாசித்துவிட்டுச் செய்யட்டும்.

1

யுத்தம் முடிகிற கட்டம். சுனாமி வந்து நாலு வருடம் கடந்திருந்தது. என் கூட்டாளி ஜப்பார் தன் மூத்த சகோதரி சுலைஹா ராத்தாவைக் கடைக்குக் கூட்டிவந்தான்.

"தம்பி, எங்கட கிணத்துக்குள்ள பார்க்க நல்ல லைட்டொண்டு வேணும்," என்றார் ராத்தா.

அவருடைய புருஷன் மீன்பிடிக்கிறவர். கடல் வந்த காலையில் ராத்தா அவரைக் கடைசியாகக் கண்டது கிணற்றடியில், முகம் கழுவிக்கொண்டு நின்றபோது. பிறகு ஆளும் இல்லை, அடக்க மய்யித்தும் இல்லை. வீட்டின் கொங்கிரீட் தட்டு சரிந்து கிணற்றை மூடிவிட்டது. ஒரு சாண் வெடிப்புத்தான் மிச்சம். தட்டை உடைக்க வந்த மேசன்மார், உள்ளே யாரோ தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்கிறது என்று சொல்லிச் சம்மட்டியோடு போய்விட்டார்கள். சாதாரண டோர்ச் வெளிச்சம் அடிவரை எட்டவில்லை.

சொந்தக்காரர்கள் அவரை இத்தா இருக்கச் சொன்னார்கள். புருஷனை இழந்தவர் அந்நிய ஆண்கள் முன் வராமல் நாலு மாதமும் பத்து நாளும் இருக்கிற காலம் அது.

"அவர் மௌத்தெண்டு தெரியாம நான் எப்பிடி இத்தா இரிக்கிற? உள்ளுக்கு இரிக்காரா இல்லயா எண்டு பார்த்துத் தா தம்பி. அதுக்குப் பொறகு அழுவன்."

2

கத்தாரில் இருந்து வந்த மச்சான் தந்த பத்து வாட் எல்.ஈ.டி. இரண்டு என்னிடம் இருந்தன. ஒன்றைத் தண்ணீர் புகாதபடி குழாய்க்குள் வைத்து, முன்னால் கண்ணாடி ஒட்டி, மோட்டார் சைக்கிள் பெட்டரிக்கு நீள வயர் இழுத்தேன். சின்ன எல்.ஈ.டி.க்குப் போடுகிற மாதிரி ஒரு ரெசிஸ்டர் போட்டால் காணும் என்று நினைத்தேன்.

பெஞ்சில் அரை நிமிடம்தான் எரியவிட்டேன். குழாய், வயர், பெட்டரி மூன்றும் ஒரே மேசையில் கிடந்தால், அந்த நாட்களில் சோதனைக்கு வருகிற ஆமிக்காரர்கள் அதை டோர்ச் என்று நினைக்கமாட்டார்கள், குண்டு என்றுதான் நினைப்பார்கள். பயத்தில் அவசர அவசரமாகக் கழற்றி, பெட்டரியை ஜப்பாரிடம் கொடுத்து, குழாயை என் பையில் வைத்துத் தனித்தனியாகப் போனோம்.

பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி. சுற்றிவர இடிந்த வீடுகள், கிணற்றடியில் நின்ற ராத்தாவைத் தவிர ஆள் நடமாட்டமே இல்லை. கயிற்றில் கட்டி வெடிப்பால் இறக்கினேன். பாசி பிடித்த சுவர் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. தண்ணீருக்குக் கிட்டப் போகும்போது லைட் அணைந்தது.

வயர்கள் பெட்டரியில் இறுக்கமாகத்தான் இருந்தன. கை வைத்துப் பார்த்தேன். அப்போது உள்ளே மறுபடி எரிந்தது. அணைந்தது. எரிந்தது. கீழே தண்ணீர் சளக்கென்று ஒரு சத்தம்.

"மூண்டு தரம்," என்றார் ராத்தா. "கரைக்கு வரக்குள்ள தோணியில இரிந்து டோர்ச்ச மூண்டு தரம் அடிப்பார். தேத்தண்ணி வை எண்டு அர்த்தம். அவர்தான் தம்பி, அவரேதான்!"

பயம் வந்தால் ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை ஜப்பார் ஓதத் தொடங்கினான். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்லமாட்டேன், வயரைப் பிடுங்கி, குழாயை மேலே இழுத்துக்கொண்டு முதலில் வளவுக்கு வெளியே வந்தவன் நான்தான்.

3

அடுத்த நாள் கடையில் குழாயை அறுத்து எல்.ஈ.டி.யை எடுத்துக் கரண்ட் கொடுத்தேன். எரிந்தது, அணைந்தது, கொஞ்சம் பொறுத்துத் தானாக எரிந்தது. விசயம் விளங்கிய பிறகும் தனியாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பயமாகத்தான் இருந்தது.

எல்.ஈ.டி. சூடாகச் சூடாகக் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். ரெசிஸ்டர் அதை முழுதாகத் தடுக்காது. பி.வி.சி. சூட்டை வெளியே விடாது. உள்ளே தலைமயிரிலும் மெல்லிய கம்பி ஒன்று விட்டுப்போயிருந்தது. சூட்டில் விலகும், ஆறினால் தொடும்.

அந்த நேரம் ஜப்பார் ஓடிவந்தான். "மச்சான், ராத்தா காலங்காத்தால இரிந்து ஒரு கோப்பை தேத்தண்ணிய வச்சிக்கிட்டுக் கிணத்தடியில குந்தி இரிக்கா. கூப்பிட்டா வாறா இல்ல."

இரண்டாவது எல்.ஈ.டி.யைப் பழைய அம்ப்ளிஃபயரில் சூட்டை வெளியே விடுகிற அலுமினிய ஹீட் சிங்கில் பூட்டி, இரண்டு ட்ரான்சிஸ்டர் வைத்துக் கரண்டைக் கட்டுப்படுத்தினேன். சோதனைக்கு யார் வந்தாலும் வரட்டும் என்று ஒரு மணித்தியாலம் எரியவிட்டேன்.

பழையதையும் கொண்டுபோனேன். கிணற்றுத் தட்டின் மேல், வெயிலிலேயே அதை எரித்துக் காட்டினேன்.

"ராத்தா, நேத்து அணைஞ்சது என்ட பிழை. எண்ணிப் பாருங்க."

ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது தரமும் எரிந்தது. ராத்தா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஐந்தாவதை அவர் பார்க்கவில்லை.

பிறகு புதியதை இறக்கினோம். அசையாமல் எரிந்தது. மணல், கலங்காத தண்ணீர், சுவரில் முட்டி முட்டி மிதக்கிற ஒரு பிளாஸ்டிக் வாளி. வேறு ஒன்றும் இல்லை.

ராத்தா வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"கடல்தான் கொண்டு போயிரிக்கி," என்றார். "லைட்ட நூரு தம்பி." அணைத்தேன்.

ஆறின தேத்தண்ணியை மணலில் ஊற்றிவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் அழுகைச் சத்தம் கேட்டது.

ஒரு கிழமை கழித்துப் போனேன். ராத்தா இத்தாவில் இருந்தார், திரைக்குப் பின்னால் குரல் மட்டும்.

"நீ வாயப் பொத்திக்கிட்டு இரிந்திருந்தா, நான் இன்னும் அங்கதான் தம்பி குந்தி இரிப்பன்."

திரைக்குக் கீழால் ஒரு கோப்பை தேத்தண்ணி வந்தது. அந்தக் கோப்பைதான். குடித்தேன்.

பத்து வாட் என்றால் வோல்டேஜை மட்டும் பார்க்காதீர்கள். கரண்டைக் கட்டுப்படுத்துங்கள், சூடு போக அலுமினியம் கொடுங்கள். அன்றிலிருந்து எந்த லைட்டையும் ஒரு மணித்தியாலம் எரியவிட்டுத் தொட்டுப் பார்க்காமல் நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. வாங்கிப்போகிறவர் அந்த வெளிச்சத்தில் யாரைத் தேடப்போகிறார் என்று பெஞ்சில் இருக்கிற நமக்குத் தெரியாது.