ஊற்றடிக் காப்பி மரம்

தமாரிஸ் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதை இரண்டு வருடம் தினமும் சொன்னாள்.

அவள் வீட்டுத் தெற்கு அறையில் அவள் அப்பா பலிங்கி படுத்திருந்தார். மூச்சு நின்று, உடம்பு கெடாமல் மருந்து ஏற்றி இரண்டு வருடம். அதனால் என்ன? எங்கள் தோராஜா மலையில் சாவுச் சடங்கில் முதல் எருமை வெட்டுப்படும்வரை யாரும் செத்தவர் இல்லை, காய்ச்சல்காரர்தான். வேளைக்குச் சோறு வைக்க வேண்டும். கேட்டுவிட்டுத்தான் அறைக்குள் நுழைய வேண்டும். வீட்டில் நடப்பதையெல்லாம் சொல்ல வேண்டும். விடிந்ததும் முதல் காப்பியை அவர் தலைமாட்டில் வைத்து, "அம்பே, காப்பி. மரமெல்லாம் நல்லா இருக்கு" என்பாள். எங்கள் பேச்சில் அம்பே என்றால் அப்பா.

மரமெல்லாம் எப்போதோ விறகாகிவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், தண்டில் பூச்சி விழுந்த நாற்பது கிழட்டு மரங்களை வெட்டிவிட்டுக் கன்று வைக்க முடிவு செய்தாள். அவர் எழுந்து வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. அவர் எழுந்து வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வெட்டியது நான்தான். துமா, பக்கத்துத் தோட்டத்துக்காரன். காப்பிக் கட்டை லேசில் சாகாது, துளிர்த்துவிடும். அதனால் ஒவ்வொன்றின் மேலும் கங்கு கொட்டிப் பொசுக்கினேன்.

"ஊத்தடி மரத்த மட்டும் தொடாத அண்ணே. நான் பொறந்தன்னைக்கு அம்பே வெச்சது" என்று சொல்லியிருந்தாள். அதையும் வெட்டினேன். வைரம் பாய்ந்த கட்டை. அரிவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டேன். கேட்டபோது, "அதுலயும் பூச்சிதான் புள்ள" என்றேன். அவளும் நம்பினாள்.

மக்காஸர் பட்டணத்தில் வேலை பார்க்கும் அவள் தம்பி வெயில் காலம்தோறும் வந்து நச்சரிப்பான். "அக்கா, இந்த வருசமாச்சும் அவர அனுப்பி வைப்போம்."

"ஒரு மன்னிப்பு பாக்கி இருக்குடா."

"கேட்டுத் தொலையேன். அவர் என்ன எந்திரிச்சு அடிக்கவா போறாரு?"

அவளால் முடியவில்லை. எருமை சாய்ந்துவிட்டால் அந்தக் காது மூடிவிடும். அந்தப் பயம் வேறு அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ஜூலையில் தோட்டம் பார்க்க வழிகாட்டியோடு ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்தார்கள். கன்றுகளையும் முதல் பழங்களையும் படம் பிடித்தார்கள், ஆளுக்கு மூன்று கப் குடித்தார்கள். பிறகு காய்ச்சல்காரரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வழக்கப்படி சிகரெட் பாக்கெட்டை அவர் பக்கத்தில் வைத்தார்கள். அந்த அம்மாள் குனிந்து மரியாதையாக ஏதோ சொன்னாள். வழிகாட்டி அதைக் காது மந்தமானவருக்குச் சொல்வதுபோல் உரக்க மொழிபெயர்த்தான். "பெரியவரே, கெழட்டு மரத்தையெல்லாம் வெட்டிட்டு உங்க மக வெச்ச கன்னுங்க ரொம்ப அழகா இருக்குங்களாம்."

தமாரிஸின் கையிலிருந்த தட்டு சாய்ந்து பிஸ்கட்டுகள் தரையில் விழுந்தன. தலைமாட்டில் இருந்த காப்பியில் ஒரு வட்டம் நெளிந்து அடங்கியது. வாசலில் நின்ற நான் லாரி போயிருக்கும் என்று நினைத்தேன். அந்த வழியில் லாரி வராது.

விருந்தாளிகள் போனதும் அவள் கட்டிலருகே மண்டியிட்டாள். "ஆமா அம்பே. நாப்பதும் போச்சு. ஊத்தடி மரமும் போச்சு. எல்லாம் நான்தான். மன்னிச்சிருங்க."

என் பங்கையும் அவளே சுமந்தாள். நான் வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் காலையில் ஓடி வந்து என்னை ஊற்றடிக்கு இழுத்துப் போனாள். சட்டிக்கரிபோல் கறுத்துக் கிடந்த கட்டையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துளிர், இரண்டு இலை. மற்ற கட்டைகளையெல்லாம் பார்த்தோம். ஒன்றுகூட அசையவில்லை.

"மன்னிச்சுட்டாரு அண்ணே" என்று அழுதாள். "தம்பிக்குச் சொல்லிடலாம். எருமைக்கு ஏற்பாடு பண்ணட்டும்."

வீட்டுக்கு வந்து அரிவாளை எடுத்தேன். பிடி ஈரமாக இருந்தது. இரண்டு வருடம் காய்ந்த கட்டை. நகத்தால் கீறினேன். உள்ளே பச்சை.

தம்பி வந்து நாள் குறித்தபோது எருமைக்கு ஐந்து நாள் இருந்தது. நான்கு நாள் பயத்திலேயே போனது. ஐந்தாம் நாள் விடியும்போது அரிவாளோடு போய்த் தெற்கு அறைக் கதவைத் தட்டினேன்.

"மாமா, துமா வந்திருக்கேன். உள்ள வரட்டா?"

உட்கார்ந்து அரிவாளை அவர் காலடியில் வைத்தேன்.

"ஊத்தடி மரத்துல பூச்சி இல்ல மாமா. இந்தப் பிடிக்கு ஆசைப்பட்டுத்தான் வெட்டினேன். ஒங்க மக அதத் தொடவே கூடாதுன்னா. அவ மேல தப்பில்ல."

திரும்பினேன். கதவருகே தமாரிஸ், கையில் காலைக் காப்பியோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் தலைமாட்டில் கப்பை வைத்தாள்.

"கேட்டீங்களா அம்பே? இந்த ஆளுக்கும் ஒரு காப்பி குடுக்கலாமா?"

கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்து நின்றாள். நானும் பதிலுக்காகக் காத்திருந்தேன்.