பக்கத்து இருக்கை

சரவணம்பட்டியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், ஓட்டுநர் இல்லாமல் ஓடும் காருக்குப் புத்தி சொல்லிக் கொடுக்கிறோம். ஆபத்தில் யாரைக் காப்பாற்றுவது என்பதும் அதில் சேர்த்தி. போன மாதம் ஒரு கேள்வி வந்தது. திடீரென்று குறுக்கே ஒரு பெண். நேரே போனால் அவள் சாவாள். திருப்பினால் வண்டிக்குள் இருப்பவர் சாகலாம்.

“காசு குடுத்து வாங்குனவனையே கொல்ற காரை எவன் வாங்குவானுங்க?” என்று சிரித்தார் குழுத்தலைவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதெல்லாம் சிரிக்கிற விஷயமா?

என் இடது கை மடங்காது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவோடு கோபிக்குக் காரில் போனேன். வழியில் தார்ச்சாலை மேல் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டி ஏறினால் காய் உடைந்து கொள்ளு உதிரும்; எங்கள் ஊர்ப் பக்கத்தில், ஏற்றாமல் ஒதுங்கிப் போகிறவனைத்தான் திட்டுவார்கள். அப்பாவும் ஒரு உபகாரமாக அதன் மேலேயே ஓட்டினார். செடியைப் புரட்டிப்போட ஒரு அம்மாள் சட்டென்று சாலைக்குள் வந்துவிட்டார். பிரேக் போட்டும் காய்ந்த செடியில் சக்கரம் வழுக்கியது. அப்பா இடப்பக்கம் ஒடித்தார். நான் உட்கார்ந்திருந்த பக்கம் புளியமரத்தில் மோதியது. அந்த அம்மாளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

முன்பின் தெரியாத ஒருத்திக்காக என்னைக் கொடுத்துவிட்டாரே என்ற ஆற்றாமை அன்றிலிருந்தே எனக்கு உண்டு. அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார். அலுவலகத்தில் அந்தக் கேள்வி வந்த அன்று சாயங்காலம் கேட்டே விட்டேன்.

“ஏனுங்கப்பா, நான் பக்கத்துல இருக்கறது தெரிஞ்சுதானே திருப்புனீங்க?”

அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போகவில்லை.

“நீ இருக்கற நெனப்பே வரலே கண்ணு. அந்தம்மா மூஞ்சி மட்டுந்தான் தெரிஞ்சுது. நெனப்பு வந்திருந்தா நேரா உட்டிருப்பேன். அந்தம்மாளை அடிச்சுப்போட்டிருப்பேன் அம்மணி.”

எனக்கு அழுகை முட்டியது. இந்த மனுஷனைப் போய் இத்தனை வருஷம் சந்தேகப்பட்டேனே! ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. என்னை நினைத்திருந்தால் அந்த அம்மாள் அன்றைக்கே செத்திருப்பார்.

நாங்கள் பழக்கும் காரில் ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் ஆள் இருப்பதைச் சொல்லும் கருவி உண்டு. அதற்கு மறதி கிடையாது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வண்டி முடிவெடுக்கவே கூடாது என்று மறுநாள் கூட்டத்தில் சொன்னேன்.

“உங்க சொந்தப் புள்ளை உள்ள உக்காந்திருந்தாலுமாங்க?” என்று கேட்டார் குழுத்தலைவர்.

“நாந்தானுங்க உள்ள உக்காந்திருந்தேன்” என்றேன்.