மாரியில் பூட்டிய கழிப்பறை

போன வருடம் கார்த்திகை மாதம், மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் பூங்காவில் நடந்தது இது. கழிப்பறைக் கதையா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் கழிப்பறையால் நான் பட்ட வெட்கமும் பெரிது, அதனால் எனக்குக் கிடைத்த சந்தோஷமும் பெரிது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். முப்பது வருடம் தபாற்கந்தோர் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வரிசையில் நில்லுங்க, படிவத்தை ஒழுங்காக நிரப்புங்க, நேரம் முடிஞ்சுது நாளைக்கு வாங்க என்று ஊரையே அதட்டிய வாய் இது. ஓய்வு பெற்ற அன்று கதிரையை அங்கே விட்டுவிட்டு வந்தேன், வாயை மட்டும் கையோடு கொண்டு வந்துவிட்டேன். என் கணவர் பஸ் சாரதியாக இருந்தவர். அவர் என்னைப் போல் இல்லை. பகிடி விட்டே ஒரு பஸ் சனத்தைச் சிரிக்க வைக்கிற ஆள்.

அவருக்கு ஆவணியில் பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பியது கடவுள் புண்ணியம். ஆனால் இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன, வாய் கொஞ்சம் கோணிப்போனது. பேச்சு குழறியதில் வெட்கப்பட்டு மனிசன் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஓம், இல்லை. அவ்வளவுதான். வீட்டில் அவருடைய சத்தம் இல்லாமல் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல?

தினமும் நடக்க வேண்டும், இந்த நாலைந்து மாதத்தைத் தவறவிட்டால் கால் பழையபடி வராது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் தெருவோ குண்டும் குழியும். சமதரையும், பிடித்து நடக்கக் கம்பியும் இருக்கிற இடம் பூங்காதான். அங்கே வாவியோரமாக நீளத்துக்கு இரும்புக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். போகும்போது வலது கையால் அதைப் பிடித்துக்கொள்வார். திரும்பி வரும்போது கம்பி இடது பக்கம் வந்துவிடும். அந்தக் கைக்குப் பிடி இல்லாததால் வலது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார்.

இதில் ஒரு சிக்கல். அவருக்குக் கொடுத்த குளிசைகளில் ஒன்று அடிக்கடி சலம் போக வைக்கும். அரை மணித்தியாலம் தாங்காது. பூங்காவில் கழிப்பறை இருந்ததால் அவரும் பயமில்லாமல் வந்தார்.

மாரி பிடித்தது. ஒரு கிழமை விடாத மழை. மழை விட்ட காலையில் கூதலுக்கு அவருக்குத் தொப்பியும் மப்ளரும் மாட்டி அழைத்துப் போனால், கழிப்பறைக் கதவில் ஒரு பெரிய பூட்டு. பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் பெண் கொஞ்சம் தள்ளி இலை கூட்டிக்கொண்டு நின்றாள். நாற்பது வயதிருக்கும், மாநகரசபையின் தற்காலிக ஊழியர். ஏன் பூட்டியிருக்கிறது என்று அதட்டினேன்.

"முகத்துவாரம் வெட்டும் மட்டும் திறக்க ஏலாதுக்கா" என்றாள், கூட்டுவதை நிறுத்தாமலே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாரியில் வாவி நிரம்பினால், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது எங்கள் பக்கத்து வழமை. வயலும் வீடும் தாழாமல் இருக்க அதை வெட்டுவார்கள். அது எங்கேயோ கிடக்கிறது. அதற்கும் இந்தக் கதவுக்கும் என்ன சம்பந்தம்? மழைக் காலத்தில் கழுவப் பஞ்சிப்பட்டுப் பூட்டிவிட்டு எனக்கே கதை விடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்றைக்குப் பாதி நடையிலேயே அவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. வீட்டு வாசல் வரை தாங்கவில்லை. உடுப்பு நனைந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் சப்பாத்தை எடுத்து வைத்தால், இல்லை என்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. மாநகரசபையில் தெரிந்த ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, நோயாளிகள் வருகிற இடத்தில் ஒரு வேலைக்காரி தன் விருப்பத்துக்குக் கழிப்பறையைப் பூட்டி வைத்திருக்கிறாள் என்று வெளுத்து வாங்கினேன். மறுநாளே திறக்கச் சொல்லி உத்தரவு போனது. கந்தோர் விட்டாலும் என் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது பார் என்று எனக்குள் ஒரு துள்ளல். அவரைக் கெஞ்சிக் கூத்தாடி எழுப்பி, கழிப்பறை திறந்தாயிற்று என்று சத்தியம் பண்ணிக் கூட்டிப் போனேன்.

கதவு திறந்துதான் இருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு அவளைத் தாண்டிப் போனேன்.

அவர் உள்ளே போனார். ஒரு வாளி தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு, "போகுதில்ல" என்று குழறிய குரல். தண்ணீர் இறங்கவில்லையாம். நம் ஆட்களுக்கு எந்தப் பிரச்சினைக்கும் ஒரே மருந்துதானே? வெளியே நின்றபடி, இன்னொரு வாளி ஊத்துங்க என்றேன். ஊற்றினார். இன்னும் ஒன்று, நல்லா வேகமா ஊத்துங்க என்றேன். அதையும் ஊற்றினார். அவ்வளவுதான். ஊற்றிய தண்ணீரும் ஊற்றாத தண்ணீரும் சேர்ந்து பொங்கி, வாசற்படி தாண்டி என் காலடிக்கு வந்துவிட்டது. என்ன தண்ணீர் என்று நான் விளக்கத் தேவையில்லை.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர அப்போது அது சிரிக்கிற காரியமாக இருக்கவில்லை. உள்ளே வழுக்கும் மாபிள் தரை. அவர் தண்ணீர்க் குழாயை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, கால் உதற நின்றார். விழுந்தால் இடுப்பு முறியும், அதோடு நடையும் முடியும். பிடிக்க ஓடியவள் நானே வழுக்கி, கதவில் தொங்கிக்கொண்டு நின்றேன்.

"அசையாம நில்லுங்க ஐயா, வாறன்!"

அவள்தான். ஒரு கையில் மண் வாளி, தோளில் இரண்டு சாக்கு. தயாராக வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள் என்று பிறகுதான் விளங்கியது. மண்ணை அள்ளித் தரை முழுக்க வீசினாள், மேலே சாக்கை விரித்தாள், அந்த நாற்றத் தண்ணீருக்குள் வெறுங்காலோடு இறங்கி அவரைக் கக்கத்தில் தாங்கி, மண்ணில கால வைங்க, இப்ப மற்றக் கால் என்று ஒவ்வொரு அடியாக வெளியே கொண்டு வந்து வாங்கில் இருத்தினாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சேலை முழங்கால் வரை நனைந்து, ஒற்றைச் செருப்போடு நிற்கிறேன். மற்றச் செருப்பு மழைத் தண்ணீர் ஓடும் கானில் விழுந்து வாவிப் பக்கமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கோணல் வாயால், குழறிக் குழறி, ஆனால் முழுதாகச் சொன்னார்:

"உன்ட செருப்பு... முகத்துவாரம் வெட்டப் போகுது. பிடி!"

மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் விட்ட முதல் பகிடி. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் தோள் குலுங்கச் சிரித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

பிறகு அவள் விளக்கினாள். கழிப்பறைக் குழி தாழ்ந்த பக்கத்தில் இருக்கிறது. வாவித் தண்ணீர் ஏறினால் குழியும் நிரம்பிவிடும், மேலே ஊற்றுவது இறங்காது. முகத்துவாரம் வெட்டி வாவி வடிந்தால்தான் குழியும் வடியும். ஒவ்வொரு மாரியிலும் இதுதான் நடப்பாம். அப்படியென்றால் அவசரத்துக்கு நீ எங்கே போவாய் என்று கேட்டேன். றோட்டுப் பக்கம் மேட்டில் ஒரு சின்ன அறையைக் காட்டினாள். தொழிலாளர் கழிப்பறை. அங்கே வெள்ளம் எட்டாது. இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைத் தட்டிக் காட்டினாள்.

"கேட்டிருந்தா அண்டைக்கே திறப்பத் தந்திருப்பனே அக்கா."

கவுண்டரில் இருந்த காலத்தில், கேட்க வேண்டியதைக் கேட்காமல் எடுத்த எடுப்பில் சத்தம் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வாயைத் திறந்து கேட்டால் என்ன என்று அவர்களை ஏசியிருக்கிறேன். அந்த ஆட்களில் ஒருத்தியாக நானே நின்ற அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. என்னால் அவளுக்கு மேலிடத்தில் ஏச்சும் விழுந்திருந்தது. அன்றைக்கே மாநகரசபைக்குப் போய், தவறு என்னுடையது, அந்தப் பெண் செய்ததே சரி என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். என் வாழ்நாளில் எழுதிய கடிதங்களில் எனக்குப் பிடித்த கடிதம் அது.

மறுநாள் காலை எனக்கு முன்னே எழும்பிச் சப்பாத்தோடு குந்தியிருந்தவர் அவர்.

மாரி முழுக்க நாங்கள் பூங்காவில்தான். சும்மா இல்லை. நடைபாதையில் பாசி பிடித்து வழுக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தும்புத்தடியால் தேய்க்க வேண்டும். தேய்த்தவள் நான். "அந்த மூலை விட்டுப்போச்சுக்கா" என்று பின்னால் நின்று அதட்டியவள் அவள். ஊரை அதட்டியதற்கெல்லாம் வட்டியும் முதலுமாகக் கிடைத்தது.

அவருக்கும் ஒரு வேலை கொடுத்தாள். கம்பி வேலியில் நீர்க்காகங்கள் குந்தி எச்சமிட்டு வைக்கும், மழையில் ஊறித் துருவும் பிடிக்கும். அவருடைய இடது கையில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, திரும்பி வரும்போது கம்பியைத் துடைத்துக்கொண்டே வாங்க ஐயா என்றாள். முதல் நாள் அந்தக் கை கம்பியில் சும்மா இழுபட்டது. பஸ் ஓட்டிய காலத்தில் விடியப்புறம் கண்ணாடி துடைக்காமல் வண்டி எடுக்காத மனிசன் அல்லவா? அழுக்கைக் கண்டதும் கை சும்மா இருக்க மறுத்தது. பத்து நாளில் விரல்கள் கம்பியைச் சுற்றிப் பிடித்தன. காத்தான்குடியிலிருந்து நடக்க வரும் துணிக்கடைக்காரர் ஒருவர் வெட்டுத் துண்டுகளை ஒரு பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுத்து, முழு வேலியும் உங்கட பொறுப்பு என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு காகம் குந்தினால் இவருக்குக் கோபம் வரத் தொடங்கிவிட்டது.

மார்கழியில் ஒரு நாள் முகத்துவாரம் வெட்டியாயிற்று என்ற செய்தி வந்தது. வாவி மளமளவென்று வடிந்தது. குழி வடிந்து கழிப்பறையைத் திறக்கிற காலையில், அவர் என்னுடைய பழைய சேலைக் கரையை ரிபனாகக் கதவில் கட்டி, கத்தரிக்கோலை அவளுடைய கையில் கொடுத்தார். அவள் வெட்டினாள். அவர் உள்ளே போய் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார், இடது கையால். நடக்க வந்த எல்லோரும் வாசலில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். கடகடவென்று தண்ணீர் இறங்கிய சத்தம் கேட்டதும் கை தட்டினோம் பாருங்கள், றோட்டில் போனவர்கள் ஏதோ கலியாணம் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த வருடமும் மாரி பிடித்துவிட்டது, பெரிய பூட்டும் தொங்குகிறது. மேட்டுக் கழிப்பறைத் திறப்பில் ஒன்றை அவள் எனக்குத் தந்திருக்கிறாள். அது எப்போதும் என் கைப்பைக்குள் கிடக்கும். பூட்டிய கதவுக்கு முன்னால் யாராவது தவித்துக்கொண்டு நின்றால், முப்பது வருடம் கவுண்டருக்குப் பின்னால் இருந்து கேட்டால்தான் பதில் சொல்லிப் பழகிய நான், அவர்கள் கேட்கும் முன்னமே திறப்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.