பாலகுரு டேங்கரைத் திருப்பிய கதை

“என் தம்பியைத் திருடன்னு இன்னொரு தடவை சொல்லிப் பாரு நாகவள்ளி, அப்புறம் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

“நானா சொல்றேன்? ரெண்டு பக்கமும் செக்யூரிட்டி, நடுவுல அவரு. கேம்ப் வாசல்ல எங்க வீட்டுக்காரரு கண்ணால பார்த்தாரு அக்கா.”

“பார்த்த கண்ணு, அவங்க கையில என்ன இருந்துச்சுன்னு பார்த்துச்சா?”

துபாய் அல் குசைஸில் எங்கள் கட்டடம் முழுக்க இதே பேச்சு. கேட்டுக் கேட்டு என் காது கொதிக்கிறது.

என் தம்பி பாலகுரு ராணுவத்தில் இருந்தவன். வடக்கே சகாரன்பூரில், ராணுவக் குதிரைகளைப் பராமரிக்கும் பிரிவு. சாணம் அள்ளி, லாடம் பார்த்து, ஹவில்தாராக வெளியே வந்தான். குதிரை தண்ணீர் குடித்த பிறகுதான் ஆள் குடிக்கலாம் என்பது அங்கே வழக்கம். பிறகு கத்தாரில் ராஸ் லஃபானில் கேட்டில் நிற்கிற வேலை, சவூதியில் ஜுபைலில் சூப்பர்வைசர், கடைசியில் துபாயில் ஒரு கட்டட கம்பெனியின் ஆட்கள் தங்கும் கேம்புக்குப் பொறுப்பாளன், கேம்ப் பாஸ். எவன் சிபாரிசும் கிடையாது, எல்லாம் அவனாக ஏறியது. கேம்பிலும் அந்தக் குதிரை வழக்கத்தை விடவில்லை. டூட்டி முடிந்து வந்த ஆட்கள் சாப்பிட்டு எழும்வரை மெஸ்ஸில் தட்டைத் தொடமாட்டான். அதற்கும் ஊர்ப்பேச்சு: மிச்சத்தை மூட்டை கட்டத்தான் கடைசியில் சாப்பிடுகிறானாம்! நாக்கு அழுகாதா இவர்களுக்கு?

போன ஜூலையில் கேம்ப் தொட்டி வறண்டுவிட்டது. வந்தது ஒரே டேங்கர். அதை ஆபீசுக்கு விடச் சொன்னான் மேனேஜர். முதலாளியைப் பார்க்க விருந்தாளிகள் வருகிறார்களாம், ஆபீஸ் வாசல் புல் பச்சையாகத் தெரிய வேண்டுமாம். முகமெல்லாம் சிமெண்டோடு பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் காலி வாளியோடு நிற்கிறார்கள், இவனுக்குப் புல்! பாலகுரு டேங்கரைக் கேம்புக்குள் திருப்பினான்.

மேனேஜர் ஓடி வந்தான். பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி முனியசாமி என் வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் சொன்னான்.

“கெஸ்ட்தான் முதல்ல, ஹவில்தார். லேபருக்கு நாளைக்குப் பார்க்கலாம்.”

“குதிரைக்கே நாங்க நாளைக்குன்னு சொன்னதில்ல சார்.”

“இவனுங்க என்ன குதிரையா?” சிரித்தானாம் அந்த மேனேஜர்.

“குதிரையா இருந்தா உங்க கையில குடுத்திருக்க மாட்டோம்.”

“ஸாரி சொல்லிட்டு டேங்கரை அனுப்பு. இல்லையா, கலாஸ், உன் வேலை முடிஞ்சுது, வெளியே போ.”

“போறேன். தொட்டி நிறையட்டும்.”

சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு டேங்கர் குழாய் அருகிலேயே நின்றான். ஆட்கள் வாளிகளோடு அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். மேனேஜர் கிட்டே நெருங்கவில்லை.

தொட்டி நிறைந்ததும் பாலகுரு தன் பெட்டியை எடுத்தான். முனியசாமி அதைப் பிடுங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான். இன்னொரு செக்யூரிட்டி முஆத் படுக்கையைத் தூக்கிக்கொண்டான். உன் வீட்டுக்காரர் பார்த்த ரெண்டு செக்யூரிட்டி அவர்கள்தான், நாகவள்ளி. திருடனுக்கு யாராவது பெட்டி சுமப்பார்களா?

வாசலில் முஆத் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினான்.

“குடிங்கண்ணே.”

“உள்ள எல்லாருக்கும் ஆச்சா?”

“ஆச்சுண்ணே.”

நின்றபடியே குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் கொடுத்துவிட்டு, பாலகுரு வாசலைத் தாண்டி நடந்தான்.