பங்களா ரோட்டின் அடியில்

அந்த வருடம் மழை விட்டபோது, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்கு ஏறிப்போகும் தார் ரோடு பல இடங்களில் வெடித்துக் கிடந்தது. பங்களா கேட்டுக்குச் சற்றுக் கீழே, வளைவில் இருந்த வெடிப்புத்தான் பெரியது. முழங்கை வரை கை உள்ளே போகும். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்போது பறிக்கக் கொழுந்து குறைவு. அதனால் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் என்னையும் அக்காவையும் ரோட்டு வேலைக்குப் பிரித்துவிட்டார்கள்.

வெடிப்பில் இறங்கிய சேற்றையும் புல்லையும் சுரண்டி எடுத்து, ஜல்லியைக் கொட்டி இடிப்பது எங்கள் வேலை. ஆண்கள் பீப்பாயில் காய்ச்சிய தாரை அதன்மேல் ஊற்றுவார்கள். சின்ன வெடிப்புகள் எல்லாம் சாப்பாட்டுக்கு முன்பே அடைபட்டன.

வளைவில் இருந்தது மட்டும் நிரம்பவில்லை. கொட்டக் கொட்ட ஜல்லி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நாங்கள் அரைக்கூடை தூக்கி ஏமாற்றுகிறோம் என்று, வேலையை மேற்பார்த்த கங்காணி சத்தம் போட்டார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த கூடையைக் கோபுரமாக நிரப்பி வந்து அவர் கண்ணெதிரே கொட்டினாள். அதுவும் போனது. கங்காணி ஆழம் பார்க்க அலவாங்கை உள்ளே விட்டார். கனமான அந்த இரும்புக் கடப்பாரை அவர் கையிலிருந்து நழுவிப் போய்விட்டது. கல்லில் பட்ட சத்தமே இல்லை.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அதற்குள் அக்கா நின்ற இடம் அப்படியே உள்ளே இறங்கியது. மார்புக்குக் கீழே அவளைக் காணோம். இரண்டு கைகளும் ரோட்டைப் பற்றியிருந்தன. நான் வெறுங்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

சற்றுமுன் திட்டிய கங்காணிதான், பக்கத்து வெடிப்பில் ஊற்றிச் சூடு ஆறாத தாரின் மேலேயே குப்புறப் படுத்து அவள் கைகளைப் பிடித்தார்.

"அசையாத தாயி. நான் விட மாட்டேன்."

அவர் கால்களை இரண்டு ஆண்கள் பிடித்து இழுத்தார்கள். அக்கா மேலே வந்து, ரோட்டை விட்டுத் தவழ்ந்து தேயிலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"கீழ தண்ணி ஓடுது. காலுல பட்டுச்சு," என்றாள்.

கங்காணியின் முன்னங்கைகளில் தார் ஒட்டி வெந்திருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் எண்ணெய் தடவித் தடவித்தான் அதை உரித்தார்களாம்.

செய்தி கேட்டுத் துரை ஓடிவந்தார். அன்று காலையில்தான் மனைவி பிள்ளைகளோடு அந்த வளைவில் காரில் போய்த் திரும்பியிருந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். ரொட்டி கனத்துக்குத் தார், அதன்கீழ் கொஞ்சம் கல். அதற்கும் கீழே வெறும் இருட்டு. அப்படியே ரோட்டு ஓரத்தில், மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தரையில் உட்கார்ந்த துரையை அதுவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எங்களுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

பிறகு தோண்டிப் பார்த்ததில், ரோட்டுக்கு அடியில் குறுக்கே தண்ணீர் போன பழைய மதகு உடைந்திருந்தது தெரிந்தது. மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக் குகையாக்கியிருந்தது. கருங்கல்லில் புது மதகு கட்டி, மேலே தார் போட்டார்கள். கங்காணியின் கை ஆறும்வரை அக்கா அவர் வீட்டுக்கு விறகு சுமந்து போட்டாள்.

வெகுகாலம் நான், நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவில் பாய் விரிக்கும் முன் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்ப்பேன். அக்கா அதைக் கண்டு ஒருநாளும் சிரித்ததில்லை.